விடைபெறும் நாள்களின் கணக்கு

(தாயகம் திரும்பும் உறுப்பினர் ஒருவர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த வட்டத்தின் உறுப்பினனாக நான் பேசும் கடைசிக் கூட்டம் இது. வரும் வியாழக்கிழமை இரவு எனக்கு விமானம். இன்னும் ஆறு நாள்களே உள்ளன. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் மஸ்கட்டில் வந்து இறங்கியவன், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறேன். எனக்குப் பிரிவுபசார விழா நடத்த வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். விழா வேண்டாம், வழக்கம்போல் ஒரு தலைப்புத் தாருங்கள், பேசிவிட்டுப் போகிறேன் என்றேன். செயலாளர் சற்றும் யோசிக்காமல், “ஊர் திரும்புமுன் உள்ள கடைசி நாள்களைப் பற்றியே பேசுங்கள்” என்றார். எளிய தலைப்பு என்று ஒப்புக்கொண்டேன். பேச உட்கார்ந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

தொழிலால் நான் கணக்கன். ஆகவே இந்த நாள்களுக்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். நிறுவனத்தில் பணிக்கொடை பெற வேண்டும். குடியிருப்பு அட்டையை ஒப்படைக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ஆகியவற்றின் பாக்கியைச் செலுத்தி ரசீது வாங்க வேண்டும். வங்கிக் கணக்கை மூட வேண்டும். நான்கு அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி, தடித்த எழுதுகோலால் நான்கு பக்கமும் பெயரும் ஊரும் எழுதிச் சரக்குக் கடையில் சேர்க்க வேண்டும். மாடி முகப்பில் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கொடுக்க வேண்டும். இவற்றில் பாதியை முடித்துவிட்டேன். வரவும் செலவும் நேராகிவிட்டால் கணக்கு முடிந்தது என்பது எங்கள் தொழில் வழக்கு. ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும்போது, அதில் எழுதாத பாக்கி ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை உரையின் இறுதியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகவே இந்த மேடைக்கு வந்தேன் என்றாலும் தவறில்லை.

முதலில் நம் இலக்கியத்தைப் பார்ப்போம். பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு நிகரில்லை என்று இந்த வட்டத்திலேயே பலமுறை பேசியிருக்கிறோம். பொருள் தேடப் பிரிவதைப் பாலைத்திணை பாடுகிறது. பிரிந்தவன் வரும்வரை காத்திருக்கும் தலைவியை முல்லைத்திணை பாடுகிறது. வினை முடிந்த தலைவன் தேர்ப்பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்வதாகப் பல பாட்டுகள் இருக்கின்றன. கார்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருப்பாள் என்பதே அவன் நினைவு. புறப்படும் நாளுக்குப் பாட்டு உண்டு. திரும்பும் வழிக்கும் பாட்டு உண்டு. ஆனால் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பும் அந்தக் கடைசி நாள்களுக்கு, நான் படித்த அளவில், தனித் துறை எதுவும் கிடைக்கவில்லை.

காரணம் தேடிப்பார்த்தால் விளங்குகிறது. தலைவன் தங்கியிருந்தது பாசறையில். முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்கு அந்தப் பாசறை கண்முன் நிற்கும். காவலும், கூடாரமும், உறக்கமில்லாத இரவும் அங்கே இருக்கின்றன. ஆயினும் பாசறை கலைப்பதற்காகவே அமைத்த இருப்பிடம். அதைக் கலைக்கும்போது யாரும் வருந்துவதில்லை. அதனிடம் விடைபெற வேண்டிய தேவையும் எவர்க்கும் இல்லை.

நாமும் இங்கே பாசறையாகக் கருதித்தான் வந்தோம். ஆனால் நமக்கு வாய்த்தது அவ்வளவு எளிதன்று. ஒருவன் இருபது ஆண்டுகள் தங்கினால் பாசறையும் ஊராகிவிடுகிறது. ரூவியில் தேநீர்க் கடைக்காரருக்கு நம் சர்க்கரை அளவு தெரிந்துவிடுகிறது. மத்ராக் கடற்கரைச் சாலையில் நமக்கென்று ஒரு கல்பலகை அமைந்துவிடுகிறது. எனவே நாம் ஊர் திரும்பும்போது அது வீடு சேர்தல் மட்டும் அன்று. இன்னொரு பிரிவும் ஆகும். பிரிவு என்றால் கடன் உண்டு. அந்தக் கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு வழிகாட்ட ஒருவரை நினைத்துப் பார்த்தேன். அயல்நாட்டில் இருபத்தொரு ஆண்டுகள் தம் வாழ்வைச் செலவிட்டவர்; விடைபெற்ற அனுபவத்தைத் தம் நூல்களில் மறைக்காமல் எழுதியவர்; அங்கே நம் தமிழரோடு கலந்து வாழ்ந்தவர். அவர் அண்ணல் காந்தியடிகள். அவரைத் தலைவராக அறிவோம், மகாத்மாவாக அறிவோம். ஊர் திரும்பும் ஒரு மனிதராக அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அவர் ‘இனி ஊருக்கு’ என்று மூன்று முறை மூட்டை கட்டினார். 1896ஆம் ஆண்டு குடும்பத்தை அழைத்துவரச் சென்ற பயணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அந்த மூன்று முறையும் மூன்று விதமான கடன்கள் அவர் முன் வந்து நின்றன.

முதல் முறை 1894. ஒரு வழக்கின் பொருட்டு ஓராண்டு வேலைக்கு 1893 மே மாதம் டர்பனில் வந்து இறங்கியவர், வழக்குச் சமரசமாக முடிந்ததும் ஊர் செல்ல ஆயத்தமானார். அவரை அழைத்திருந்த வணிகர் தாதா அப்துல்லா பிரிவுபசார விருந்து வைத்தார். அன்று அங்கே கிடந்த செய்தித்தாள்களைப் புரட்டியபோது ஒரு மூலையில் சிறு செய்தி கண்ணில் பட்டது. நேட்டால் சட்டசபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இந்தியரிடமிருந்து பறிக்கும் மசோதா பற்றிய செய்தி அது. விருந்துக்கு வந்தவர்கள் அவரை ஒரு மாதம் தங்கச் சொன்னார்கள். வழியனுப்பக் கூடிய கூட்டம் வேலைத்திட்டம் வகுக்கும் கூட்டமாக மாறியது. அந்த ஒரு மாதம் இருபது ஆண்டுகளாக நீண்டது. அவர் தங்கியதால்தான் அதே 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரசு பிறந்தது. அவர் தங்கியதால்தான் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி வந்து நிற்க ஒரு வாசல் இருந்தது. அந்தத் தலைப்பாகையை மீண்டும் கட்டிக்கொள்ளச் சொன்னாரே, அதுவே அவர் அந்த மனிதருக்குச் செய்த முதல் உதவி என்பேன்.

நண்பர்களே, ‘இன்னும் ஓர் ஆண்டு’ என்று தள்ளிப்போடாதவர் இந்த அவையில் யார்? நானும் பலமுறை தள்ளிப்போட்டேன். தங்கையின் திருமணம், வீட்டின் மேல்தளம், மகனின் கல்லூரிக் கட்டணம் எனக் காரணங்கள் வந்தவண்ணம் இருந்தன. அவற்றை நான் சிறுமையாகச் சொல்லமாட்டேன். ஒரு குடும்பத்தைக் கரையேற்றுவதும் தொண்டுதான். ஆயினும் தங்கிய ஆண்டுகளை எண்ணும்போது, யாருக்காகத் தங்கினோம் என்பதோடு, தங்கிய இடத்தில் யாருக்கு வாசலாக இருந்தோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாம் முறை 1901. தேவைப்பட்டால் ஓராண்டுக்குள் திரும்ப வருவேன் என்று வாக்களித்துவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட ஆயத்தமானார். நேட்டால் இந்தியர்கள் அன்பால் அவரைத் திணற அடித்தார்கள். தங்கம், வெள்ளி, வைரம் எனப் பரிசுகள் குவிந்தன. கஸ்தூர்பாவுக்கு ஐம்பது கினி பெறுமானமுள்ள தங்க அட்டிகை வந்தது. பொதுத் தொண்டுக்குக் கிடைத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியில் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. அறையில் உலவிக்கொண்டே இருந்தார். விடிவதற்குள், எல்லாவற்றையும் சமூகத்தின் பொருளாக்கி, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலராக்கி ஒரு கடிதம் எழுதிவிட்டார். பிள்ளைகள் உடனே இசைந்தார்கள். மனைவி இசையவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு நகை வேண்டாமா என்று கேட்டார். உங்களுக்காக இரவும் பகலும் நான் உழைத்தேனே, அது தொண்டில் சேராதா என்றும் கேட்டார். இறுதியில் பரிசுகள் அனைத்தும் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் அண்ணலை வியப்போம். கஸ்தூர்பாவின் கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை. அவர் கேட்டது பொன்னை மட்டும் அன்று. தம் உழைப்பு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதையும்தான். என் வீட்டில் நான்கு பெட்டிகள் கட்டியபோது அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. போர்வை, பேரீச்சை, வாசனைப்புட்டி, சாம்பிராணி என உறவினர் ஒவ்வொருவர் பெயரும் பெட்டிக்குள் இருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளும் ஊரில் வீட்டைத் தனியாகத் தாங்கிய என் மனைவிக்கு என்ன வாங்குவது என்று தொலைபேசியில் கேட்டேன். “ஒன்றும் வேண்டாம், நீங்கள் முழுதாக வந்து சேருங்கள்” என்று பதில் வந்தது. அதற்கு ஈடாக வைக்க எந்தப் பெட்டியிலும் பொருள் இல்லை.

மூன்றாம் முறை 1914. இம்முறை வினை முடிந்திருந்தது. 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி நடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசிய எளிய மக்கள். அதன் விளைவாக ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுன் வரி நீங்கியது. இந்தியர் திருமணங்கள் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. ஜூலை மாதத்தில் ஊர் ஊராக விடைபெறும் கூட்டங்கள் நடந்தன. 8ஆம் நாள் டர்பன் நகர மண்டபத்தில் கூட்டம். 14ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் விருந்து. 18ஆம் நாள் கேப்டவுனிலிருந்து ‘கின்ஃபான்ஸ் காசில்’ என்னும் கப்பலில் பயணம். மாலைகளும் வரவேற்பிதழ்களும் குவிந்த இந்த நாள்களுக்கு நடுவே அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஜூலை 15ஆம் நாள் அவர் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டுக்குச் சென்றார். அங்கே இரண்டு கல்லறைகளில் நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார். ஒன்று, சிறையில் பட்ட துன்பத்தால் 1909 ஜூலையில் மாண்ட இளைஞன் நாகப்பனுடையது. மற்றொன்று, சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறாம் வயதில் மறைந்த வள்ளியம்மையுடையது. அன்றே ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் கூட்டத்திலும் பேசினார். போராட்டத்தின் பாரத்தை மிகுதியாகத் தாங்கியவர்கள் தமிழர்களே என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார்.

தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் ஊர்ப்பெயரோடு அழைக்கும் அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோர்வழி வந்த ஊர். அந்த ஊரின் மண்ணை மிதிக்காமலே அதன் பெயரைச் சுமந்தவர் அவர். ஊர் திரும்ப இயன்றவர், ஊர் திரும்ப இயலாமற்போனவர்களிடம் சென்று விடைபெற்றார். அதோடும் நிறுத்தவில்லை. இங்கிலாந்து சென்று, 1915 ஜனவரி 9ஆம் நாள் பம்பாயில் இறங்கிய அவர், அந்த ஆண்டுக் கோடையிலேயே தமிழகம் வந்தார். மாயவரத்துக்கும் தரங்கம்பாடிப் பகுதிக்கும் சென்றார். கல்லறையில் தொடங்கிய விடைபெறுதல் அவர்கள் குடும்பங்கள் புறப்பட்டு வந்த நாட்டில்தான் நிறைவெய்தியது என்று கருதுகிறேன்.

இனி என் பாக்கியைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனத்தில் சாரம் கட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆயினும் என்னை ‘ஐயா’ என்றே அழைப்பார். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். ஊருக்குப் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்ப மாதந்தோறும் என் மேசைக்கு வருவார். ஒருநாள் படிவத்தோடு ஒரு பள்ளிக் குறிப்பேட்டையும் நீட்டினார். “பாட்டு மாதிரி எழுதியிருக்கேன் ஐயா. பிழை திருத்திக் கொடுங்க. நாலு பேர் முன்னால ஒருதரம் படிச்சாப் போதும்” என்றார். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு முறை கேட்டார். வேலை அதிகம் என்றேன். அடுத்த கோடையில் ஒருநாள் இரவு படுத்தவர் காலையில் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். உடலை ஊருக்கு அனுப்பும் தாள்களை நான்தான் எழுதினேன். அவருடைய உடைமைகள் ஒரு பெட்டியில் உடன் சென்றன. குறிப்பேடு என் இழுப்பறையில் இருந்ததால் அந்தப் பெட்டியில் சேரவில்லை.

அதன்பின் இந்த வட்டம் பிறந்தது. பத்தாண்டுகளாக மாதம் தவறாமல் கூடினோம். புதுக்கவிதை பற்றி இங்கே நான் மூன்று கட்டுரைகள் படித்தேன். பாமர மக்களின் குரல் இலக்கியத்தில் ஒலிக்க வேண்டும் என்று முழங்கியதும் உண்டு. அவையோர் கைதட்டினீர்கள். அந்தக் குறிப்பேட்டை ஒருமுறையும் நான் எடுத்து வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அதில் ஒற்றுப் பிழைகள் இருந்தன. ரகர றகரம் மாறியிருந்தன. இவ்வளவு படித்த அவையில் இதைப் படித்தால் நகைப்பார்களோ, என் மதிப்பும் அதோடு குறையுமோ என்று அஞ்சினேன். இதுதான் உண்மை.

கடந்த வாரம் பெட்டி கட்டும்போது குறிப்பேடு கைக்கு வந்தது. அன்றிரவு முழுதும் உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தொரு பாட்டுகள் இருக்கின்றன. எல்லாம் சிறந்தவை என்று சொல்லமாட்டேன். சில திரைப்பாட்டின் மெட்டில் ஓடுகின்றன. ஆனால் ஒரு பாட்டில், பதினோராம் மாடி உயரத்துச் சாரத்தில் நின்று கடலைப் பார்க்கிறார். கடலுக்கு அப்பால் ஊர் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் உயரே ஏற ஏற ஊர் சற்றுக் கிட்ட வருவதாகவும், கீழே இறங்கினால் தூரம் போய்விடுவதாகவும், அதனால் மாலையில் கடைசி ஆளாக இறங்குவதாகவும் எழுதியிருக்கிறார். இன்னொரு பாட்டில், தாம் கட்டிய சாரங்களை எண்ணுகிறார். கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள், பிறகு அங்கே சாரம் நின்றதற்கு அடையாளமே இராது என்று முடிக்கிறார். இந்த நகரத்தைப் பற்றி நம் வட்டத்தில் இதுவரை படித்த கவிதைகளுள் இதற்கு இணையாக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவர் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் ஒருமுறை படிக்கத்தான் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சிறு வேண்டுகோளைச் செலுத்தாமல் வைத்திருந்த கடனாளி நான்.

எனவே இன்று இரண்டு காரியங்கள் செய்கிறேன். குறிப்பேட்டின் நகலைச் செயலாளர் கையில் ஒப்படைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில், நான் இல்லாத அந்தக் கூட்டத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் படிக்க வேண்டுகிறேன். பிழைகளைத் திருத்திப் படியுங்கள், சொற்களை மாற்றாதீர்கள். மூலக் குறிப்பேட்டைச் சரக்குப் பெட்டியில் போடவில்லை. கைப்பையில் எடுத்துச் செல்கிறேன். அவர் ஊர் என் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம்தான். வந்த முதல் வாரத்திலேயே சென்று அவர் மனைவியிடமும் மகனிடமும் கொடுப்பேன். ஏன் இவ்வளவு நாள் என்று அவர்கள் கேட்டால், உங்களிடம் சொன்னதையே அங்கும் சொல்வேன். அந்த அம்மையார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொள்வதும் கடனைத் தீர்ப்பதில் சேர்ந்ததுதான்.

கவிஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நம் முன்னோர் பாடாமல் விட்ட துறை ஒன்று நம் காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இங்குள்ள ஒவ்வொருவருக்கும் ஒருநாள் இந்த ஆறு நாள்கள் வரும். அப்போது கயிறும் பெட்டியும் மட்டும் கண்ணில் படும், மற்றவை மறைந்துபோகும். ஆகவே அதற்குமுன்பே எழுதுங்கள். அதற்குமுன்பே உங்கள் இழுப்பறைகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். யாரோ நம்பிக் கொடுத்த தாள் ஒன்று அங்கேயும் இருக்கக்கூடும்.

இந்த வட்டம் எனக்குத் தமிழைத் தந்தது, நண்பர்களைத் தந்தது, வெள்ளிக்கிழமை மாலைகளுக்கு ஒரு பொருளைத் தந்தது. அந்தக் கடனைத் தீர்க்க என்னிடம் வழியில்லை. அது தீராமலே இருக்கட்டும். அவ்வண்ணம் இருந்தால்தான் திரும்ப வந்து உங்களைப் பார்க்க ஒரு காரணம் எனக்கு இருக்கும்.